நம்ம ஊர் வெயிலுக்குக் கைப்பின்னல் சாக்ஸ்: வாசகர் கேள்வி–பதில்

சாக்ஸ் பின்னுவதைப் பற்றி வரும் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே குறைதான் இருக்கிறது. “புத்தகத்தில் போட்டிருந்தபடியே பின்னினேன், தொளதொளவென்று வந்துவிட்டது.” புத்தகக் கணக்கு குளிர் நாட்டுக் கம்பளிக்குப் போட்டது. நாமோ வெயிலுக்குப் பயந்து பருத்தியை எடுக்கிறோம். நூல் மாறினால் கணக்கையும் மாற்ற வேண்டும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இதைச் சுற்றித்தான் வருகின்றன.

64 கண்ணி போட்டுப் பருத்தி நூலில் பின்னினேன். முதல் நாள் அளவாக இருந்தது. இரண்டு துவைப்புக்குப் பிறகு கணுக்காலில் சரிந்து கிடக்கிறது. நூல் மட்டமா, என் கை தளர்வா?
– வாசகி, பாளையங்கோட்டை

நூலும் மட்டமில்லை, உங்கள் கையிலும் குறையில்லை. பின்னல் துணி இழுத்தால் விரிவது கண்ணியால், அதாவது ஊசியில் போடும் நூல் வளையத்தால். வளைந்து கிடக்கும் நூல் இழுக்கும்போது நேராகிறது, அவ்வளவுதான். விட்டவுடன் பழைய வளைவுக்குத் திரும்புவது நூலின் வேலை. கம்பளி இழைக்குப் பிறவியிலேயே சுருள் உண்டு. ஸ்பிரிங் மாதிரித் திரும்பிவிடும். பருத்திக்கு அந்தச் சுருள் கிடையாது, இழுத்த இடத்திலேயே நின்றுவிடும். அதனால்தான் காலில் ஏறும்போது சரியாக இருந்தது, இரண்டு துவைப்புக்குள் தொங்கிவிட்டது.

மூன்று மாற்றம் செய்யுங்கள். கம்பளிக்கு 2.5 மி.மீ. ஊசி சொல்லியிருந்தால் பருத்திக்கு 2.25 அல்லது 2 மி.மீ. எடுங்கள். நெருக்கமான கண்ணி குறைவாகவே விரியும். அடுத்து, மேல்பட்டை ரிப்பை 2 நிட் 2 பர்ல் என்று போடாமல் 1 நிட் 1 பர்ல் என்று போட்டு, 6 செ.மீ. வரை இறக்குங்கள். (நிட் என்பது நேர்க்கண்ணி, பர்ல் அதன் மறுபக்கக் கண்ணி; இரண்டும் மாறி மாறி வரும் வரிவரியான பின்னல்தான் ரிப்.) கால் பகுதி முழுவதும் ரிப்பாகவே போனாலும் நல்லதே. மூன்றாவது, தையல் கடையில் விற்கும் மெல்லிய எலாஸ்டிக் நூல். பின்னி முடித்தபின் ரிப்பின் உள்பக்கத்தில், நிட் கண்ணிகளின் முதுகு வழியாக, 1, 4, 7-ஆம் சுற்றுகளில் மழுங்கிய ஊசியால் ஓட்டி முடிச்சிடுங்கள். கால் சுற்றளவைவிட ஒரு விரற்கடை குறைவாக இருந்தால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் தோலில் தடம் விழும்.

எத்தனை கண்ணி என்பதைப் புத்தகத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். பாதத்தின் அகலமான இடத்தில், விரல்களுக்குக் கீழே, சுற்றளவு எடுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். மிச்சத்தை, 1 செ.மீ.க்கு உங்கள் கையில் எத்தனை கண்ணி விழுகிறதோ அதால் பெருக்கி, பக்கத்தில் உள்ள 4-ஆல் வகுபடும் எண்ணை எடுங்கள். 22 செ.மீ. பாதம் என்றால் கழித்தபின் 20 செ.மீ.; 10 செ.மீ.க்கு 32 கண்ணி விழும் கைக்கு 64. அதே பாதம், 36 விழும் கை என்றால் 72. ஒரே 64 எல்லோருக்கும் பொருந்தாது என்பது இதனால்தான்.

மாதிரித் துண்டையும் சாக்ஸ் மாதிரியே சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். தட்டையாகப் பின்னினால் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பர்ல் வரும். பலருக்கு பர்ல் சற்றே தளரும், அளவு பொய்யாகிவிடும். துவைத்து, நிழலில் காயவைத்து, அதன் பிறகே எண்ணுங்கள்.

எங்கள் வீட்டில் தறி உண்டு. 20-ஆம் நம்பர் சிட்ட நூல் மிச்சம் கிடக்கிறது. சேர்த்துப் பின்னலாமா? எத்தனை இழை?
– வாசகர், வீரவநல்லூர்

பின்னலாம். கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜச் சிட்டம் (சுற்றிய நூல் கட்டு) எத்தனை நிற்கிறதோ, அதுவே நம்பர். 20-ஆம் நம்பர் ஒற்றை இழை கிராமுக்குச் சுமார் 34 மீட்டர் ஓடும். சாக்ஸுக்கு வேண்டிய கனம் கிராமுக்கு 4 மீட்டர் அளவில் இருக்க வேண்டும். ஆகவே 8 இழை. 40-ஆம் நம்பர் என்றால் 16 இழை, 10-ஆம் நம்பர் என்றால் 4. பெண்கள் அளவில் ஒரு ஜோடிக்கு 80 கிராம் எடுத்து வைத்தால் தாராளம், ஆண்களுக்கு 100 கிராம்.

ஆனால் 8 இழையை அப்படியே சேர்த்துப் பிடித்துப் பின்னாதீர்கள். ஊசி இழைகளுக்கு நடுவே குத்திப் பிரிக்கும், கண்ணிக்கு ஐந்து இழை வரும், மூன்று நழுவும். அதைவிடப் பெரிய தொல்லை, சாக்ஸ் முறுக்கிக்கொள்வது. ஒற்றை இழை ஒரே பக்கமாக முறுக்கேறியது. கண்ணியாக வளைந்ததும் அது அவிழப் பார்க்கும். எல்லாக் கண்ணியும் ஒரே பக்கம் சாயும். நேராகப் பின்னிய சாக்ஸ் துவைத்தபின் கணுக்காலைச் சுற்றித் திரும்பி நிற்கும். எட்டையும் சேர்த்து, நூலின் முறுக்குக்கு எதிர்ப்பக்கமாக ராட்டையில் முறுக்குங்கள். சரியாக வந்ததா என்று பார்க்க, ஒரு முழம் நூலைத் தளர்வாக ‘ப’ மாதிரித் தொங்கவிடுங்கள். தானாகச் சுற்றிக்கொண்டால் முறுக்கு இன்னும் சமப்படவில்லை. வேலை குறைய வேண்டுமானால் இரட்டை முறுக்கு நூலாக 2/20 வாங்கி, நாலு இழை சேருங்கள்.

பாவுக்கு (தறியின் நீளவாட்டு நூலுக்கு) என்று கஞ்சி போட்ட நூலாக இருந்தால் முதலில் வெந்நீரில் அலசிக் கஞ்சியைப் போக்குங்கள். சாயமேறாத பச்சை நூலில் பருத்தியின் மெழுகு இருக்கும், வியர்வையை உறிஞ்சாது. 80 கிராம் நூலுக்கு 2 லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா, கொஞ்சம் சோப்பு. ஒரு மணி நேரம் மெதுவாகக் கொதிக்கட்டும். சிட்டத்தை நாலு இடத்தில் தளர்வாகக் கட்டிவிட்டுப் போடுங்கள், சிக்காது. சுருங்குவதெல்லாம் பின்னுமுன்னே சுருங்கிவிடும் என்பது இதில் கூடுதல் லாபம்.

ஒரு காலத்தில் நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பருத்தி சந்தையில் ‘டின்னவெல்லி’ என்ற பெயரிலேயே விலை போனது. கரிசல் காட்டுக் கருங்கண்ணி அதில் ஒரு வகை. குட்டை இழை, நூல் பஞ்சு போல மெத்தென்று இருக்கும், காலுக்குச் சுகம். ஆனால் குட்டை இழை உரசலில் சீக்கிரம் உருவிக்கொண்டு வரும். அந்த நூலில் பின்னினால் குதிங்காலிலும் விரல் நுனியிலும் ஒரு நைலான் தையல் நூலைச் சேர்த்துப் பிடிப்பது கட்டாயம்.

இரண்டு பக்கமும் முனையுள்ள ஊசி இங்கே கிடைக்கவில்லை. சைக்கிள் கம்பியில் செய்யலாமா? பாட்டர்னில் 10 நம்பர் ஊசி என்று இருக்கிறது. கடை ஊசியிலும் 10 என்றுதான் இருக்கிறது, ஆனால் அளவு ஒத்துவரவில்லை.
– வாசகி, அம்பாசமுத்திரம்

நம்பரை நம்பாதீர்கள். பழைய பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 10 என்றால் 3.25 மி.மீ., 12 என்றால் 2.75, 13 என்றால் 2.25, 14 என்றால் 2. அமெரிக்கக் கணக்கில் இது தலைகீழ். அங்கே 10 என்றால் 6 மி.மீ. கனம். நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் நம்பர் போட்ட ஊசிகள் இன்னும் வருகின்றன. மி.மீ. அளவை மட்டும் பாருங்கள்.

சைக்கிள் கம்பி நல்ல யோசனை. 14 கேஜ் ஸ்போக்ஸ் சரியாக 2 மி.மீ. கனம், பருத்தி சாக்ஸுக்கு அளவெடுத்த மாதிரி. ஐந்து கம்பி வேண்டும்: நாலில் கண்ணி, ஒன்றால் பின்னல். வளைந்த தலையையும் மரை உள்ள முனையையும் வெட்டிவிட்டு 18 செ.மீ. நீளம் வைத்துக்கொள்ளுங்கள். முனையை அரத்தால் கூம்பாக்கி, பிறகு நைஸ் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். மிகக் கூர்மையாக்க வேண்டாம், நூலைப் பிளக்கும், ஆள்காட்டி விரலையும் பதம் பார்க்கும். ஒரு பழைய நைலான் சேலைத் துணியின் மேல் முனையை இழுத்துப் பாருங்கள். எங்காவது இழை சிக்கினால் அந்த இடம் இன்னும் சொரசொரப்பு. துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியே வாங்குங்கள். முலாம் பூசியது கை வியர்வைக்கு முலாம் உதிர்ந்து வெள்ளை நூலில் கறை ஏற்றும்.

குதிங்காலில்தான் மாட்டிக்கொள்கிறேன். திருப்பும்போது எண்ணிக்கை தப்பிவிடுகிறது. தப்பாமல் வந்தாலும் இரண்டு பக்க மூலையிலும் ஓட்டை விழுகிறது. ஒவ்வொரு வரிசையாகச் சொல்லுங்கள்.
– வாசகி, தென்காசி

64 கண்ணிக்குச் சொல்கிறோம். 32 கண்ணியைப் புறங்காலுக்கு ஒதுக்கி இரண்டு ஊசியில் சும்மா விட்டுவிடுங்கள். மற்ற 32-ஐ ஒரே ஊசிக்குக் கொண்டுவாருங்கள். இது குதிங்காலின் பின்பக்கத்தை மூடும் பட்டை. சுற்றாமல் முன்னும் பின்னுமாகப் பின்னுவது.

நல்ல பக்கம்: ஒரு கண்ணியைப் பின்னாமல் நகர்த்து, ஒன்று நிட், இப்படியே கடைசி வரை. மறுபக்கம்: முதல் கண்ணியை நகர்த்து, மிச்சம் 31-ம் பர்ல். இந்த இரண்டு வரிசையை 16 தடவை, மொத்தம் 32 வரிசை. நகர்த்திய கண்ணிக்குப் பின்னால் நூல் குறுக்கே ஓடுவதால் அந்த இடம் இரட்டைத் துணியாகிறது. செருப்பு உரசும் இடத்துக்கு அந்தக் கனம் வேண்டும்.

ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியை நகர்த்தினீர்களா என்பதுதான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நகர்த்தியிருந்தால் பட்டையின் ஓரத்தில் சங்கிலி மாதிரி 16 நீளக் கண்ணிகள் தெரியும். ஒரு வரிசையில் மறந்திருந்தால் அங்கே சங்கிலி இருக்காது, முடிச்சு மாதிரித் தெரியும். திருப்புவதற்கு முன் இரண்டு ஓரத்தையும் எண்ணிவிடுங்கள். 16 வராவிட்டால் பிரிக்க அதுவே சமயம்.

இனித் திருப்பம். முதல் வரிசை: 1 நகர்த்து, 16 நிட், இடது சாய்வாக இரண்டை ஒன்றாக்கு, 1 நிட், திருப்பு. (இடது சாய்வு என்றால், இரண்டு கண்ணியையும் நிட் போடப்போவது போல் ஒவ்வொன்றாக வலது ஊசிக்கு மாற்றி, இடது ஊசியை இரண்டின் முன்பக்கமாக நுழைத்து, சேர்த்து நிட்.) இரண்டாம் வரிசை: 1 நகர்த்து, 3 பர்ல், இரண்டைச் சேர்த்து பர்ல், 1 பர்ல், திருப்பு. இப்போது நடுவில் 6 கண்ணி. இரு ஓரத்திலும் தொடாத 12, 12. நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி தெரியும். அதுதான் உங்கள் அடையாளம். இனி எண்ணவே வேண்டாம். ஒவ்வொரு வரிசையிலும் முதலை நகர்த்தி, இடைவெளிக்கு ஒரு கண்ணி முன்வரை பின்னி, இடைவெளியின் இருபுறமும் உள்ள இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கி, மேலும் 1 பின்னி, திருப்புங்கள். வரிசைக்கு 2 கண்ணியாக ஓரம் கரையும். 14-ஆம் வரிசை முடியும்போது தொடாத கண்ணி ஒன்றும் மிஞ்சாது, ஊசியில் 18 இருக்கும். 18 வராவிட்டால், எங்கோ சேர்த்தபின் அந்தக் கூடுதல் 1-ஐப் பின்ன மறந்திருப்பீர்கள், அல்லது ஓரத்துக் கண்ணி ஒன்று நழுவியிருக்கும்.

நல்ல பக்கத்தில் 18-ஐயும் நிட் போட்டு, பட்டையின் ஓரச் சங்கிலியில் 16 கண்ணி எடுங்கள். ஓட்டை விழுவது இதற்கு அடுத்த இடத்தில். பட்டை 32 வரிசை கீழே போயிருக்கிறது, புறங்கால் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் ஒற்றை நூல் பாவம் எல்லா இழுப்பையும் தாங்குகிறது. அந்தக் குறுக்கு நூலை ஊசியால் தூக்கி, பின்பக்க வழியாக முறுக்கி நிட் போட்டு, ஒரு கண்ணி கூட்டுங்கள். முறுக்காமல் எடுத்தால் அந்தக் கண்ணியே புது ஓட்டையாகும். பிறகு புறங்கால் 32, அடுத்த மூலையில் அதே மாதிரி 1, மறு ஓரத்தில் 16. மொத்தம் 84.

ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, புறங்காலுக்கு முந்தைய 3 கண்ணியில் இரண்டைச் சேர்த்து நிட், 1 நிட். புறங்காலுக்குப் பிந்தைய பக்கம் 1 நிட், இடது சாய்வாக இரண்டை ஒன்றாக்கு. இப்படி 10 தடவை குறைத்தால் மறுபடி 64. அங்கிருந்து நேராகப் பின்னிப் போய், உங்கள் பாத நீளத்தில் 1 செ.மீ. கழித்த அளவுக்கு 4.5 செ.மீ. முன்பு விரல் நுனியைத் தொடங்குங்கள். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று 4 கண்ணியாகக் குறைத்து 32, அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் குறைத்து 16. அதை எட்டும் எட்டுமாக எதிரெதிரே வைத்துத் தையல் ஊசியால் இணையுங்கள்.

இரண்டாவது சாக்ஸைச் செ.மீ. அளவில் பின்னாதீர்கள். முதல் சாக்ஸின் சுற்று எண்ணிக்கையை எழுதி வைத்து, அதையே பின்னுங்கள். அளவு நாடா ஒவ்வொரு நாளும் ஒரு கணக்குச் சொல்லும், சுற்று மாறாது.

மாஞ்சோலை, ஊத்து பக்கம் மழையில் போனால் அட்டை ஏறுகிறது. நெருக்கமாகப் பின்னிய நீள சாக்ஸ் தடுக்குமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

தடுக்காது. காலில் ஏறியதும் பின்னல் விரியும், ஒவ்வொரு கண்ணியும் ஒரு ஜன்னல். பசித்த அட்டை நூல் கனத்துக்கு மெலிந்து நுழைந்துவிடும். அட்டையைத் தடுக்க, நெருக்கமாக நெய்த கெட்டிப் பருத்தித் துணியில் தைத்த, முழங்கால் வரையான உறைதான் சரி. பின்னல் சாக்ஸை உள்ளே போட்டு, அதன் மேல் இதை மாட்டி முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்டுங்கள். மேலே உப்போ புகையிலைத் தூளோ தடவுவார்கள். மழையில் உப்பு கரைந்துவிடும், திரும்பத் திரும்பத் தடவ வேண்டும்.

எங்கள் ஊர் லேஸ் வேலை தெரியும். அந்தக் கைக்குச் சாக்ஸ் சுலபமாக வருமா?
– வாசகி, இடையன்குடி

விரல் பழக்கம் துணை நிற்கும், ஆனால் இரண்டும் வேறு வேலை. கால்டுவெல்லின் மனைவி எலைசா உங்கள் ஊரில் கற்றுக்கொடுத்த லேஸில் பல நூல்கள், பல கட்டைகள், தலையணையில் குத்திய குண்டூசிகள். நூல்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கும். சாக்ஸில் ஒரே நூல், எல்லாம் கண்ணி. ஒரு கண்ணி நழுவினால் ஏணிபோலக் கீழே வரை ஓடும். பயப்பட வேண்டாம். குரோஷா ஊசியை நழுவிய கண்ணியில் விட்டு, ஏணிப்படிகளை ஒவ்வொன்றாக இழுத்து மேலேற்றினால் தடமே தெரியாது. நூலை ஒரே இழுப்பில் பிடிக்க உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரியும். புதிதாகத் தொடங்கும் மற்றவர்களுக்கு அதற்கே பல வாரம் பிடிக்கும்.

எங்க ஆச்சிக்குக் குதிங்காலில் பித்தவெடிப்பு. சாக்ஸ் போட்டால் வார்ச் செருப்பு மாட்ட முடியவில்லை. கட்டைவிரல் தனியாகப் பின்ன முடியுமா?
– வாசகி, சங்கரன்கோவில்

முடியும். முதலில் ஒன்று: ஆச்சிக்குச் சர்க்கரை இருந்து, காலில் மரத்த உணர்வும் இருந்தால் இது வேண்டாம். விரலிடுக்கில் வரும் சின்ன மடிப்பு உரசிப் புண்ணானாலும் அவருக்குத் தெரியாது. அவருக்கு எலாஸ்டிக் இல்லாத, முடிச்சில்லாத சாதாரண சாக்ஸை வெள்ளை நூலில் பின்னிக் கொடுங்கள். கசிவு இருந்தால் வெள்ளையில் உடனே தெரியும்.

மற்றபடி, பாதம் பின்னிக்கொண்டே வந்து, போட்டுப் பார்க்கும்போது கட்டைவிரல் இடுக்கைத் தொட்டதும் நிறுத்துங்கள். வலது காலுக்கு, புறங்கால் உங்களைப் பார்க்க வைத்தால், கட்டைவிரல் இடது ஓரம். இடது காலுக்கு வலது ஓரம். 64 கண்ணி சாக்ஸ் என்றால், அந்த ஓரத்தில் மேலிருந்து 12, கீழிருந்து 12 கண்ணியைத் தனி நூலில் கோத்து வையுங்கள். மிச்சம் 40; இடுக்கில் புதிதாக 4 ஏற்றினால் 44. இதில் 1.5 செ.மீ. நேராகப் பின்னி, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று 4 வீதம் குறைத்து, 20-இல் இணையுங்கள். கட்டைவிரலுக்கு நிறுத்திய 24-உடன், இடுக்கில் ஏற்றிய 4-இன் அடியில் 4 எடுத்து 28. விரல் நுனிக்கு 1 செ.மீ. குறையும்போது, 2 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று எனச் சுற்றினால் 21. ஒரு சுற்று சும்மா. 1 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று, 14. பிறகு எல்லாம் இரண்டிரண்டாகச் சேர்த்து 7. நூலை அவற்றில் கோத்து இழுத்து உள்ளே ஒளித்துவிடுங்கள்.

வெறும் சாக்ஸோடு மொசைக் தரையில் ஆச்சியை நடக்க விடாதீர்கள், வழுக்கும்.

பிறந்த குழந்தைக்கு எத்தனை கண்ணி? பூ வேலை போடலாமா?
– வாசகி, வள்ளியூர்

இதே நூலில் 32 கண்ணி, ஜோடிக்கு 15 கிராம் போதும். குதிங்கால் பட்டை 16 கண்ணி, 16 வரிசை. எலாஸ்டிக் வேண்டாம், ரிப் மட்டும். உள்பக்கம் நூல் தாண்டி ஓடும் பூ வேலையும் வேண்டாம். அந்த நூலில் பிஞ்சு விரல் சிக்கிச் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், குழந்தை அழுவதற்குக் காரணம் தெரியாமல் தவிப்பீர்கள். நூல் முனைகளை உள்ளே நன்றாகப் புதைத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் சாக்ஸைப் புரட்டிப் பார்த்து மாட்டுங்கள். பூ வேண்டுமென்றால் ரிப்பின் வெளிப்பக்கத்தில் நூல் பூ தைத்துக்கொள்ளலாம்.

சாரல் காலத்தில் இரண்டு நாளாகியும் காயவில்லை, வாடை வருகிறது.
– வாசகர், செங்கோட்டை

பிழியாதீர்கள், கண்ணி நீளும். உலர்ந்த துண்டில் சுருட்டி, அதன் மேல் ஏறி மிதியுங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். பிறகு கொடியில் தொங்கவிடாமல், ஃபேனுக்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் பரப்புங்கள். அடியிலும் காற்றுப் படும். ஈர சாக்ஸ் தன் எடையிலேயே நீளும், அதனால் கொடி வேண்டாம்.

குதிங்காலில் ஓட்டை விழுந்துவிட்டது. தைத்தால் கட்டியாக உறுத்துகிறது.
– வாசகர், நாங்குநேரி

ஓட்டையின் வாயைச் சுருக்கி இழுத்துத் தைத்ததால் கட்டி வந்தது. ஓட்டையைச் சுருக்கக்கூடாது, அங்கே புதுத் துணி நெய்ய வேண்டும். முதுகு நல்ல உருண்டையாக உள்ள சிரட்டை ஒன்றை நார் போகச் சுரண்டி, உப்புத்தாளில் வழவழப்பாக்கி, சாக்ஸுக்குள் வையுங்கள். துணி அதன் மேல் குதிங்கால் வளைவிலேயே படிந்து நிற்கும்.

அதே கன நூல், மழுங்கிய ஊசி. ஓட்டைக்கு 1 செ.மீ. தள்ளி, நல்ல துணியில் தொடங்கி, மேலும் கீழுமாக நெருக்கமாக நூல் ஓட்டுங்கள். ஓட்டை வரும் இடத்தில் அப்படியே தாண்டிப் போங்கள், இழுக்காதீர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நெல் அளவு தளர்வு விடுங்கள். துவைத்தால் சுருங்க இடம் வேண்டும். பிறகு குறுக்கே, ஒரு நூலுக்கு மேல், ஒரு நூலுக்குக் கீழ் என்று தறியில் ஊடை ஓடுவது போலக் கோத்துக்கொண்டே போங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் முடிச்சுப் போடாமல், நாலு விரற்கடை நூலை நல்ல துணியில் ஓட்டி வெட்டிவிடுங்கள். முடிச்சுதான் உறுத்துகிறது.

ஓட்டை விழும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மாதம் ஒரு முறை சாக்ஸைச் சிரட்டையில் மாட்டி வெளிச்சத்தில் பாருங்கள். நூலிடுக்கில் சிரட்டையின் கறுப்பு தெரிகிற இடம் தேய்ந்த இடம். கண்ணி அறுமுன்னே அதன் தடத்திலேயே ஊசி நூலை ஓட்டிவிட்டால் பத்து நிமிட வேலை.